டிசம்பரில் ஆர்லாண்டோ: ஆட்டிசம் பையன், மூட்டுவலி அத்தை. வரிசைக்கு என்ன வழி?

#1 நித்யா_பிரிஸ்கோ

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இப்போதுதான். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

டாலஸ் பக்கத்தில் பிரிஸ்கோவில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். நன்றாகப் பேசுவான், பதற்றம் வந்தால் பேச்சு நின்றுவிடும். சுற்றுகிற, ஓடுகிற எதைக் கண்டாலும் உயிர். மின்விசிறி, லிஃப்ட், ரயில், ராட்டினம். வரிசைதான் ஆகாது.

போன வருடம் ஒரு பார்க்குக்குப் போனோம், பெயர் வேண்டாம். நாற்பது நிமிட வரிசை. கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகுமே, அந்த மாதிரி. முதல் பத்து நிமிடம் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரிசை நகர்ந்து ஃபேன் மறைந்ததும் ஆரம்பித்தது. தரையில் படுத்துவிட்டான். பின்னால் அறுபது எழுபது பேர். முன்னாலும் போக முடியாது, வந்த வழியே திரும்ப வேண்டும். இவர் அவனைத் தூக்கிக்கொண்டு நடக்க, நான் ‘சாரி, சாரி’ என்று சொல்லிக்கொண்டே பின்னால். ஒரு பெண்மணி தன் பிள்ளைகளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார், ஏதோ ஒட்டுவாரொட்டி வருகிற மாதிரி. வெளியே வந்து விசாரித்தால், கவுண்டரில் இருந்தவருக்கு இதற்கெல்லாம் ஓர் ஏற்பாடு உண்டு என்பதே தெரியவில்லை. காரில் ஏறியதும் பையன் கேட்டான்: “அம்மா, அந்த ஃபேனுக்கு அஞ்சு றெக்கை. மறுபடி பார்க்கலாமா?”

இப்போது திருச்சியிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருக்கிறார்கள். அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். டிசம்பர் இரண்டாவது வாரம் ஆர்லாண்டோ போகலாம் என்று முடிவு. மூன்று நாள் டிஸ்னி, ஒரு நாள் யுனிவர்சல். டாஸ், டாஸ் என்கிறார்களே, டிஸ்னியில் மாற்றுத்திறனாளிகளுக்கான வரிசை ஏற்பாடு, அது பையனுக்குக் கிடைக்குமா? அத்தைக்கும் சேர்த்துக் கேட்கலாமா? யுனிவர்சலில் வேறு ஏதோ பதிவு என்கிறார்கள். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 ஒதுங்கி_நிற்பவன்

டாஸ் என்றதும் தமிழனுக்கு வேறு ஒரு வரிசை ஞாபகம் வந்தால் அது அவன் குற்றமில்லை.

#3 தாம்பா_தாமு

நித்யா, வருடாந்தர பாஸ் வைத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை போய் வருகிறவன் நான். என் அண்ணன் மகளுக்கும் இதே நிலைதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: டாஸ் என்பது வரிசையைத் தாண்டிக் குதிக்கிற சீட்டு இல்லை. காத்திருக்கிற இடத்தை மாற்றித் தருகிற ஏற்பாடு, அவ்வளவுதான். ஒரு ரைடுக்கு 70 நிமிட வரிசை ஓடுகிறது என்றால், ஆப்பில் கேட்டால் ஏறக்குறைய அதே அளவு நேரம் கழித்து வாருங்கள் என்று ஒரு நேரம் வரும். அந்த ஒரு மணி நேரம் பையன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், ஃபேனைப் பார்க்கலாம். நேரம் வந்ததும் லைட்னிங் லேன் என்கிற தனி வழியாக உள்ளே போவீர்கள், அங்கேயும் ஐந்து பத்து நிமிடம் ஆகும். ஒரு சமயத்தில் ஒரு ரைடுக்குத்தான் கேட்க முடியும்.

2024ல் விதியை மாற்றினார்கள். ஃப்ளோரிடாவில் மே 20, கலிபோர்னியாவில் ஜூன் 18 முதல் அமல். அதற்கு முன்னால் பலவிதமான உடல் பிரச்சினைகளுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடோ அதையொத்த நிலையோ இருந்து, அதனால் வழக்கமான வரிசையில் நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். உங்கள் பையன் அந்த வட்டத்துக்குள் வருகிறான். அத்தை வரமாட்டார். மூட்டுவலி என்று கேட்டால் ‘சக்கர நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள்.

பதிவு வீடியோ அழைப்பில்தான். கிளம்புவதற்கு முன்பே வீட்டிலிருந்து முடித்துவிடுங்கள். யாருக்கு வேண்டுமோ அவர் கேமரா முன்னால் இருக்க வேண்டும், படம் எடுப்பார்கள். டாக்டர் கடிதம் கேட்பதில்லை. கேள்விதான் கேட்பார்கள், தேவைப்பட்டால் அவர்கள் அமர்த்தியிருக்கும் மருத்துவத் துறை ஆட்களும் அழைப்பில் சேர்வார்கள். நோயின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். வரிசையில் நின்றால் அவனுக்கு என்ன ஆகும் என்று சொல்லுங்கள். மேலே எழுதியிருக்கிறீர்களே ஃபேன் கதை, அதையே சொன்னால் போதும்.

பொய் சொன்னது தெரிந்தால் பார்க்குக்குள் நிரந்தரத் தடை, வாங்கிய டிக்கெட்டுக்குப் பணமும் வராது என்று விதியிலேயே போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம், சும்மா தகவலுக்கு.

கூட வருகிறவர்கள் நான்கு பேர் வரை, அல்லது நெருங்கிய குடும்பம் என்பது விதி. தாத்தா பாட்டி சேர்த்தியா என்று அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். வாசலில் போய் வாதம் பண்ண முடியாது.

யுனிவர்சல் வேறு மாதிரி. ஐபிசிசிஇஎஸ் என்று ஓர் அமைப்பு, அதன் தளத்தில் பதிந்து ஓர் அட்டை வாங்க வேண்டும். அங்கே டாக்டர் கடிதமோ பள்ளிக்கூட அறிக்கையோ ஏற்ற வேண்டியிருக்கும். போவதற்கு 48 மணி நேரமாவது முன்னால் முடித்துவிடுங்கள். வரிசை குறைவாக இருந்தால் அவர்களே நேராக எக்ஸ்பிரஸ் வழியில் விட்டுவிடுவார்கள்; நீளமாக இருந்தால் நேரம் குறித்துத் தருவார்கள்.

#4 வரிசைக்காரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யாராவது இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன கோடையில் என் இரண்டு பிள்ளைகளோடு (6, 8 வயது) ஒரு ரைடுக்கு 95 நிமிடம் நின்றேன். வெயில் 96 டிகிரி. கண் முன்னால் பக்கத்து வழியில் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கும்தான் 95 நிமிடம் நிற்க முடியாது. எந்தக் குழந்தைக்கு முடியும்? பதற்றம் என்று சொல்லி எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நித்யா, உங்களைச் சொல்லவில்லை.

#5 சக்கரம்76

“உங்களைச் சொல்லவில்லை” என்று முடிகிற வாக்கியம் எல்லாமே அவரைத்தான் சொல்கிறது, தம்பி.

ஹூஸ்டனில் இருக்கிறேன். இரண்டு வயதில் போலியோ. பெயரில் இருப்பது பிறந்த வருடம்.

பக்கத்து வழியில் போனவர்கள் எல்லோரும் டாஸ் இல்லை. பெரும்பாலும் காசு கொடுத்தவர்கள். ஃபாஸ்ட்பாஸ் என்று ஒரு வேக வழிச் சீட்டு 1999 முதல் எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. 2021ல் அதை எடுத்துவிட்டுக் கட்டணமாக்கினார்கள். இப்போது பிரீமியர் பாஸ் என்று ஒன்று இருக்கிறது, 2024 அக்டோபரில் வந்தது. கூட்ட நாளில் ஆளுக்கு 449 டாலர் வரை போகும் என்று அறிவித்தார்கள். அதை வாங்கிக்கொண்டு உங்கள் முன்னால் போகிறவரை நீங்கள் முறைப்பதில்லை. “உனக்கு என்ன குறை?” என்று கேட்பதும் இல்லை. பணம் இருக்கிறது, போகிறார். பையனுக்கு வரிசை ஆகாது என்று ஓர் அம்மா சொன்னால் மட்டும் நமக்குள் இருக்கிற விஏஓ எழுந்து நின்று சான்றிதழ் கேட்கிறார்.

நித்யா, அத்தை விஷயத்துக்கு வருகிறேன். சக்கர நாற்காலி எடுத்தால் முன்னால் விட்டுவிடுவார்கள் என்பது பழைய கதை. ஃப்ளோரிடாவில் பெரும்பாலான வரிசைகள் நாற்காலி போகிற அகலத்தில் இருக்கின்றன. எல்லோரோடும் சேர்ந்துதான் நகர வேண்டும். கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் 1955ல் கட்டியது, மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் வந்ததோ 1990ல். அங்கே சில பழைய வரிசைகளில் நாற்காலி திரும்பவே திரும்பாது. அதனால் நேரம் குறித்துக் கொடுத்து வெளியேறும் வழியாக ஏற்றுவார்கள்.

உண்மையான தலைவலி வரிசை முடிகிற இடத்தில்தான் ஆரம்பிக்கும். நாற்காலியோடு ஏறலாமா, எழுந்து மாறி உட்கார வேண்டுமா, சில அடி நடக்க வேண்டுமா? ரைடுக்கு ரைடு மாறும். ஸ்மால் வேர்ல்டில் நாற்காலியோடு ஏறத் தனிப் படகு உண்டு. கிலிமஞ்சாரோ சஃபாரியில் லாரியில் இடம் உண்டு. ஹான்டட் மேன்ஷனில் மாறி உட்கார வேண்டும். பீட்டர் பேனில் நகர்கிற பட்டையில் நடந்துபோய் ஏற வேண்டும், எனக்கு ஆகாது. உங்கள் அத்தை பத்தடி நடப்பார் என்றால் அவருக்கு என்னைவிட நிறைய ரைடு திறந்திருக்கிறது.

ஸ்மால் வேர்ல்ட் என்றதும் நினைவு வருகிறது. 2009ல் கலிபோர்னியாவில் அந்த ரைடு நடுவில் நின்றுபோனது. மற்றவர்களை இறக்கிவிட்டார்கள், நாற்காலியில் இருந்த ஒருவரை இறக்க முடியவில்லை. அரை மணி நேரம் அப்படியே. உள்ளே ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும், அதுவும் நிற்கவில்லை. வழக்குப் போட்டு 2013ல் 8,000 டாலர் வாங்கினார். அந்தப் பாட்டை அரை மணி நேரம் கேட்டதற்கு அது குறைச்சல்தான் என்பது என் கருத்து.

#6 நித்யா_பிரிஸ்கோ

தாமு அண்ணா, சக்கரம் சார், ரொம்ப நன்றி. இரண்டையும் அச்சடித்து வைத்துக்கொண்டேன்.

வரிசைக்காரன், உங்கள் பிள்ளைகள் 95 நிமிடம் நின்றார்கள். கஷ்டம்தான். முடிந்ததும் ரைடில் ஏறினார்கள், இறங்கிச் சிரித்திருப்பார்கள். என் பையன் நாற்பது நிமிடம் நின்றிருந்தால் அன்று முழுக்கப் பேச்சு வந்திருக்காது. பிள்ளைகள் சோர்ந்துபோவதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அத்தையிடம் நாற்காலிப் பேச்சை எடுத்தேன். “நான் என்ன கால் விளங்காதவளா?” என்று ஒரே போடு. சென்னை விமான நிலையத்தில் ஏறியதிலிருந்து டாலஸில் இறங்கும் வரை வீல்சேரில்தான் வந்தார் என்பதை அவருக்கு யார் நினைவுபடுத்துவது?

#7 வரிசைக்காரன்

நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். விமான நிலையத்தில் நம் ஆட்கள் செய்வது என்ன? இந்தியாவுக்குப் போகிற எந்த விமானமானாலும் வாசலில் முப்பது நாற்பது வீல்சேர். இறங்கும்போது பாதிப் பேர் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறார்கள். என் அம்மாவுக்கும் நான் புக் பண்ணியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். அம்மா தினமும் காலையில் நான்கு கிலோமீட்டர் நடப்பவர். கேட் மாறினால் இங்கிலீஷில் கேட்கத் தெரியாது, ஃபிராங்க்ஃபர்ட்டில் தொலைந்துபோவார் என்ற பயம். அதற்கு வேறு வழி இல்லை, வீல்சேர்தான் இருக்கிறது.

அதைத்தான் சொல்கிறேன். நல்ல காரணம் இருக்கிறவனும் பொய்தான் சொல்கிறான். கடைசியில் நிஜமாகவே நடக்க முடியாதவருக்கு நாற்காலி இல்லாமல் போகிறது.

#8 சக்கரம்76

இதில் உங்களோடு சண்டை இல்லை. எனக்கே நடந்திருக்கிறது. ஒரு விமான நிலையத்தில் உதவி ஆள் வரும்வரை விமானத்துக்குள்ளேயே ஐம்பது நிமிடம். எல்லோரும் இறங்கிப் போய், சுத்தம் செய்கிறவர்களும் வந்து போய்விட்டார்கள்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்தது வழிகாட்ட ஓர் ஆள். அப்படி ஒன்றைக் கேட்கப் படிவத்தில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் ஆட்கள் பக்கத்துக் கட்டத்தில் டிக் அடிப்பார்கள். பார்க்கிலும் அதுதான் நடந்தது. இலவச ஃபாஸ்ட்பாஸை எடுத்தார்கள், சிறுநீர்ப் பிரச்சினை, குடல் நோய், முதுகுவலி என்று இருக்கிறவர்கள் அதுவரை அதை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் டாஸ் பக்கம் வந்தார்கள். போலிகளும் கூடவே வந்தார்கள்.

#9 தாம்பா_தாமு

போலிகள் கதை பழையது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2013க்கு முன்னால் விருந்தினர் உதவி அட்டை என்று ஒன்று இருந்தது. நேர முன்பதிவு எல்லாம் கிடையாது, காட்டினால் பெரும்பாலும் உடனே உள்ளே விட்டுவிடுவார்கள். அந்த வருடம் மே மாதம் நியூயார்க் போஸ்ட் ஒரு செய்தி போட்டது: மன்ஹாட்டன் பணக்காரக் குடும்பங்கள் மணிக்கு 130 டாலர் கொடுத்து மாற்றுத்திறனாளி ஒருவரை ‘வழிகாட்டி’யாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு பார்க்கில் சுற்றுகிறார்கள் என்று. பெரிய ரகளை. அக்டோபரில் டிஸ்னி அந்த அட்டையை நிறுத்திவிட்டு டாஸைக் கொண்டுவந்தது.

யார் தலையில் விடிந்தது? ஆட்டிசம் பிள்ளைகளின் குடும்பங்கள் தலையில். சில பிள்ளைகளுக்குக் காத்திருப்பதே ஆகாது, எங்கே உட்கார்ந்து காத்திருந்தாலும் சரி. சிலருக்கு ரைடுகளின் ஒழுங்கு மாறினால் ஆகாது. பல குடும்பங்கள் 2014ல் வழக்குப் போட்டன. வருடக்கணக்கில் இழுத்து, அதில் ஒரு வழக்கில் 2020ல் ஆர்லாண்டோ ஃபெடரல் நீதிபதி டிஸ்னி பக்கம் தீர்ப்பளித்தார். இப்போதுள்ள ஏற்பாடே போதுமானது, வரம்பில்லாமல் முன்னால் விட்டால் மற்றவர்கள் வரிசை நாறிவிடும் என்கிற மாதிரி. 2024ல் மறுபடி இறுக்கியபோதும் இதே பாட்டுதான்: ஐந்து வருடத்தில் டாஸ் எடுப்பவர்கள் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டார்கள் என்று டிஸ்னியே சொன்னது.

ஒவ்வொரு தடவையும் எவனோ ஏமாற்றுகிறான், கேள்வி கேட்கப்படுவது நம் பிள்ளை.

#10 குரோய்டன்_குகன்

லண்டனிலிருந்து ஒரு குரல். நித்யாவுக்கு நேரடியாக உதவாது, ஆனாலும் சொல்லுறன்.

இங்க லெகோலாண்ட், ஆல்டன் டவர்ஸ் எல்லாம் ஒரே கொம்பனி. ரைட் ஆக்செஸ் பாஸ் எண்டு தருவினம். அதுவும் தாமு சொன்ன மாதிரித்தான், வரிசையில எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வெளியில நிண்டிட்டு வர வேணும். இங்க கட்டாயம் ஆதாரம் வேணும். நிம்பஸ் எண்டு ஒரு நிறுவனத்தின்ர அட்டை எடுத்து வைச்சிருக்கிறம். ஒருக்கா அவையளுக்கு எல்லாக் கடிதமும் அனுப்பினால், பிறகு பார்க், தியேட்டர், இசை நிகழ்ச்சி எங்க போனாலும் அட்டையைக் காட்டினால் சரி. பிள்ளையின்ர கதையை ஒவ்வொரு வாசலிலயும் முதல்ல இருந்து சொல்லத் தேவையில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. கூடப்போற பராமரிப்பாளருக்கு ஒரு டிக்கெட் இலவசம்.

வரிசையைப் பற்றி எல்லாரும் கதைக்கிறியள், கழிப்பறையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. என்ர மகளுக்குப் பதின்மூன்று வயது, இன்னும் டயப்பர்தான். குழந்தைகளுக்கு இருக்கிற மடிப்புப் பலகையில அவளைக் கிடத்த ஏலாது. மாற்றுத்திறனாளிக் கழிப்பறை எண்டு எழுதியிருக்கும், உள்ள போனால் கிடத்த இடமில்லை. ஒரு நாள் ஒரு இடத்தில (பெயர் வேண்டாம்) என்ர குளிர் ஜாக்கெட்டை நிலத்தில விரிச்சு, அதில கிடத்தித்தான் மாத்தினனாங்கள். மனிசி அண்டைக்கு முழுக்கக் கதைக்கேல்லை.

இங்க சேஞ்சிங் பிளேசஸ் எண்டு ஒரு வகை இருக்கு. பெரியாக்களைக் கிடத்தக்கூடிய, உயரம் கூட்டிக் குறைக்கிற கட்டில், தூக்குற ஹொய்ஸ்ட், 12 சதுர மீட்டர் இடம். 2021 ஜனவரியில இருந்து இங்கிலாந்தில புதுசாக் கட்டுற பெரிய பொதுக் கட்டடங்களில கட்டாயம். நாங்கள் எங்க போறதெண்டாலும் முதல்ல அதின்ர வரைபடத்தைத்தான் பார்க்கிறது. ரைட் பிறகு.

#11 நித்யா_பிரிஸ்கோ

குகன் அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

#12 தாம்பா_தாமு

குகன், இங்கே பார்க்குக்குள் முதலுதவி நிலையம் இருக்கும். நாங்கள் அங்கேதான் போவோம். கட்டில், திரை, குளிரூட்டிய அறை. கேட்டால் முகம் சுளிக்காமல் விடுவார்கள். நித்யா, பையனுக்குச் சத்தம் அதிகமானால் நீங்களும் அங்கேயே போய் உட்காரலாம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

#13 மலர்விழி_சென்னை

இதையெல்லாம் வாசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது. நீங்கள் விதி சரியில்லை என்று சண்டை போடுகிறீர்கள். நான் விதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் மகனுக்குப் பதினான்கு வயது, பெருமூளை வாதம். இங்கே ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போன வருடம் அழைத்துப் போனோம். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டியதும் டிக்கெட்டில் தள்ளுபடி கொடுத்தார்கள். ரொம்ப மரியாதை, ‘வாங்க மேடம்’. உள்ளே போனால் முதல் ராட்டினத்துக்கு ஏழு படி. இரண்டாவதுக்குப் பதினொன்று. நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள். மேலே இருந்த பையன் அவனைப் பார்த்துவிட்டு, “சேஃப்டி மேடம், இவங்களை ஏத்த முடியாது” என்றான். எதனால், எந்த விதி, எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றான். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அதே நான்கு பேர் திரும்பக் கீழே இறக்கினார்கள். தள்ளுபடி விலையில் என் மகன் ஒரு நாள் முழுக்கப் படிகளைப் பார்த்துவிட்டு வந்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொதுமக்களுக்குச் சேவை தருகிற தனியாருக்கும் அது பொருந்தும், அணுகல் விதிகள் வந்த இரண்டு வருடத்தில் செய்து முடிக்க வேண்டும் என்று பிரிவு 46 சொல்கிறது. 2024 நவம்பர் 8ல் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகளை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருப்பது செல்லாது, கட்டாயமாகச் செய்ய வேண்டியவை எவை என்று பிரித்து விதி போடு, மூன்று மாதம் தருகிறேன் என்று மத்திய அரசிடம் சொன்னது. தீர்ப்பைத் தாளில் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன். அந்தப் பதினொரு படிக்கு அது தெரியாது.

ஒரு நல்லது சொல்கிறேன். 2022 நவம்பர் கடைசியில் மெரினாவில் சக்கர நாற்காலி போகிற மரப் பாதை திறந்தார்களே, அன்றைய வாரமே போனோம். அலை வந்து காலில் பட்டதும் அவன் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள், மறுபடி போனோம். வரிசையும் இல்லை, சீட்டும் இல்லை, யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை.

#14 வரிசைக்காரன்

மலர்விழி, மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வந்து என்ன சொன்னார்?

#15 மலர்விழி_சென்னை

வரவே இல்லை.

#16 சக்கரம்76

‘சேஃப்டி’ இங்கேயும் பெரிய ஆயுதம்தான். சில சமயம் நியாயமாகவும் இருக்கும். தோள் கம்பியைப் பிடிக்க ஒரு கையாவது வேண்டும் என்றால் அதில் அர்த்தம் உண்டு. ஆனால் ஆர்லாண்டோவில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில், பிறவியிலேயே ஒரு கை இல்லாத ஒருவரை ரைடில் ஏற்றவில்லை. தயாரித்த கம்பெனி அப்படிச் சொல்லியிருக்கிறது, அதை மீறாதே என்று மாநிலச் சட்டம் சொல்கிறது என்று பூங்கா வாதிட்டது. 2023ல் 11வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டத்தைக் காட்டி ஃபெடரல் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்றது. நிஜமாகவே ஆபத்தா என்று நீங்கள்தான் காட்ட வேண்டும் என்ற மாதிரி. மலர்விழி அம்மா, ‘எந்த விதி, எழுதியிருக்கிறதா’ என்று நீங்கள் கேட்டது அதே கேள்விதான்.

நித்யா, ஆர்லாண்டோவை விடுங்கள், உங்கள் மாநிலத்திலேயே ஒன்று இருக்கிறது. சான் அன்டோனியோவில் மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட். பிரிஸ்கோவிலிருந்து ஐந்து மணி நேர டிரைவ். கோர்டன் ஹார்ட்மன் என்று வீடு கட்டி விற்றுச் சம்பாதித்த ஒருவர். ஒரு நீச்சல் குளத்தில் அவர் மகள் மோர்கன் மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போனாளாம். இவளோடு எப்படிப் பழகுவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் குளத்தை விட்டு ஏறிப் போய்விட்டார்கள். அதிலிருந்து பிறந்தது இந்தப் பார்க். 2010ல் திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம், கூட வருகிறவர்களுக்குத்தான் டிக்கெட். ராட்டினம், ஊஞ்சல், ரயில் எல்லாம் நாற்காலியோடு. 2017ல் பக்கத்திலேயே நீர்ப் பூங்கா. அங்கே பேட்டரி நனைந்துவிடும் என்பதால் காற்றழுத்தத்தில் ஓடுகிற நாற்காலி வைத்திருக்கிறார்கள்.

நாற்பத்தி இரண்டு வயதில் நான் முதல் தடவையாக ஊஞ்சல் ஆடியது அங்கேதான். நாற்காலியோடு மேடையில் ஏற்றி, கதவைச் சாத்தி, ஆட்டிவிட்டார்கள். வயிற்றில் என்னவோ செய்தது. ஊஞ்சல் என்றால் இப்படித்தான் இருக்குமா என்று மனைவியைக் கேட்டேன்.

#17 மட்டுறுத்துநர்

போலியாகப் பாஸ் வாங்குவது எப்படி என்று ‘யோசனை’ சொன்ன இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் என்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தொடரலாம்.

#18 நித்யா_பிரிஸ்கோ

அழைப்பு முடிந்தது. பையனுக்குக் கிடைத்துவிட்டது. ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பேசிய பெண் அன்பாகத்தான் பேசினார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். தாமு அண்ணா சொன்ன மாதிரி எல்லாம் சொன்னேன். தரையில் படுப்பான், கையைக் கடித்துக்கொள்வான், பேச்சு வராது, ஒரு தடவை ஓடிவிட்டான். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. ஐந்து வருடமாக அத்தையிடமும் ஊரிலும் ‘அவன் நல்லாத்தான் இருக்கான், கொஞ்சம் லேட், அவ்வளவுதான்’ என்று சொல்லிவந்த வாய் இது. கதவுக்கு வெளியே அத்தை நின்றுகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாகப் புரியாது. புரிந்த அளவுக்குப் புரிந்திருக்கிறது.

அழைப்பை வைத்ததும் பையன் கேட்டான்: “அம்மா, நான் எப்பவுமே கடிப்பேனா?” இல்லை, எப்போதாவதுதான் என்றேன். “அதைச் சொல்லலையே” என்றான்.

இரவு அத்தை ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “அந்த வண்டியை நாளைக்கு எவ்வளவுன்னு கேளு” என்றார். வீல்சேரைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

#19 குரோய்டன்_குகன்

நித்யா, அடுத்த முறை அழைப்புக்கு முன்னால் பிள்ளையிட்ட சொல்லிப்போடுங்கோ: “இண்டைக்கு அம்மா கஷ்டமான நாளுகளைப் பற்றி மட்டும்தான் கதைக்கப்போறன், நல்ல நாளுகளைக் கேக்க மாட்டினம்” எண்டு. நாங்கள் மூண்டாம் தரம்தான் அதைப் படிச்சனாங்கள்.

#20 நித்யா_பிரிஸ்கோ

போய் வந்துவிட்டோம். தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக.

டாஸ் மூன்று நாளில் ஒன்பது தடவை எடுத்தோம். நாற்காலியை வெளியே இருக்கிற வாடகைக் கடையில் சொல்லி ஹோட்டலுக்கே வரவழைத்தோம், அத்தை கையில் கைப்பையோடு ராணி மாதிரி வந்தார். பையனுக்குப் பிடிக்காத பெரிய ரோலர் கோஸ்டரில் ரைடர் சுவிட்ச் கேட்டு நானும் இவரும் மாற்றி மாற்றிப் போனோம். யுனிவர்சலில் சத்தம் அதிகம், மதியமே திரும்பிவிட்டோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேஜிக் கிங்டமில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது பீப்பிள்மூவர். 1975லிருந்து ஓடுகிற பழைய சமாச்சாரம், மெதுவாகப் பத்து நிமிடம் பார்க்கின் டுமாரோலேண்ட் பகுதியைச் சுற்றிக் காட்டும். வரிசை ஐந்து நிமிடம்கூட இல்லை. ஏழு தடவை ஏறினான். டாஸே தேவைப்படவில்லை.

#21 சக்கரம்76

அதில் நான் ஏற முடியாது. நகர்கிற பாதையில் நடந்து மேலே போய், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கால் வைத்து ஏற வேண்டும். கீழே உட்கார்ந்து தலைக்கு மேலே போவதைப் பார்த்திருக்கிறேன். அத்தை எப்படி ஏறினார்?

#22 நித்யா_பிரிஸ்கோ

நாற்காலியைக் கீழே விட்டுவிட்டு, மாமா ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். மேலே போய்ச் சேரும்வரை மாமாவைத் திட்டிக்கொண்டே ஏறினார். இரண்டாவது தடவைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மீதி ஆறு தடவையும் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி தலைக்கு மேலே போகும்போதெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தார்.